‘அசல் விதிகள்’ பெட்டியை டிக் செய்தால் என்ன மாறுகிறது?

மேசையில் பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர ஆட்டங்களைத் தழுவிய வீடியோ கேம்களில், செட்டிங்ஸ் திரையின் அடியில் ‘அசல் விதிகள்’ என்று ஒரு பெட்டி. டிக் செய்து ஆடினால் பகடை மட்டும்தான் மாறியிருக்கிறது. இங்குள்ள பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டங்களிலும் சிறு குழுக்களின் டெமோக்களிலும் இதே கதைதான். பொறுத்தது போதும் என்றுதான் எழுதுகிறேன்.

பகடை நேர்மையாக விழுந்தால் விதி அசலாகிவிடும் என்ற நினைப்பே எல்லாவற்றுக்கும் வேர். தாயம் ஆடியவர்களைக் கேளுங்கள். அரைமணி நேரம் தாயம் விழாவிட்டாலும் கட்டையை மாற்றச் சொல்ல மாட்டார்கள். வெட்டினால் மறு ஆட்டம் உண்டா என்பதில்தான் சண்டை வரும்.

65% வாய்ப்புள்ள அடி தொடர்ந்து மூன்று முறை தவற 4.3% வாய்ப்பு உண்டு. நூறு அடியில் சராசரியாக நான்கு இடத்தில் நடக்கும். அது பிழையல்ல. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டத்தைத் தழுவிய பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேமில் (2023) இத்தகைய தொடர் தோல்வியைத் தவிர்க்க ‘கார்மிக் டைஸ்’ என்ற விருப்பம் இருக்கிறது. அதை அணைத்தாலும் ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பாகிவிடாது. அந்தப் பதிப்பில் இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் கட்டாயத் தோல்வி என்பது தாக்குதலுக்குத்தான். திறன் சோதனையில் (பகடை எண்ணோடு திறனைக் கூட்டி இலக்கை எட்டுவது) +11 உள்ளவர் இலக்கு 10-க்கு 1 போட்டால் மொத்தம் 12, வெற்றி. பால்டர்ஸ் கேட் 3-இல் அது தோல்வி. மருந்து குடிக்க மேசை ஆட்டத்தில் தன் முறைக்குரிய ஒரு முழு ஆக்‌ஷன், பால்டர்ஸ் கேட் 3-இல் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன். வீடியோ கேமுக்கு இவை நல்ல மாற்றங்களே. மாற்றினால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தனி விருப்பமாக வையுங்கள்.

அதிகம் சொதப்புவது, அடுத்தவர் முறையில் குறுக்கிட்டுச் செய்யும் ரியாக்‌ஷனில். கோப்லின் தாக்குகிறது, மொத்தம் 17. மந்திரவாதியின் கவச எண் (அடி பட எட்ட வேண்டிய எண்) 15. அடி பட்டுவிட்டது. மேசையில் இந்த நொடியில்தான் ஒருவர் கையைத் தூக்கி “ஷீல்ட்!” என்று தடுப்பு மந்திரத்தைச் சொல்வார். கவச எண் 20 ஆகும், அடி தவறும். உங்கள் நிரலில் வீச்சும் சேதமும் ஒரே ஃபங்ஷனில் ஓடினால் அவரைக் கேட்க இடம் ஏது? பிறகு ‘ஷீல்ட் தானாக இயங்கும்’ என்று ஒட்டுப்போடுவீர்கள். 25 வந்த அடிக்கும் அது மந்திரத்தை வீணாக்கும். அறிவிப்பு, வீச்சு, முடிவு, கேள்வி, இறுதி முடிவு, சேதம் என ஆறாக உடையுங்கள். அதே விதிகளைத் தழுவிய சொலாஸ்டா வீடியோ கேமை (2021) ஆடிப் பாருங்கள், சரியாக அந்த இடத்தில் நின்று கேட்கும். விருப்பம் அணைந்திருந்தால் நான்காம் படியை மட்டும் தாண்டினால் போதும். எம்ஆர்டி ரயிலில் நின்றபடி ஆடுபவருக்கு ஒவ்வொரு முறையும் கேட்டால் எரிச்சல் வரும். ஆகவே ‘கேள்’, ‘தானாக’, ‘வேண்டாம்’ என மூன்றும் தேவை.

செலவான மந்திரங்கள் ஓய்வெடுத்தால்தான் திரும்பும், அதனால் ஓய்வையும் கவனியுங்கள். 2014 விதிநூல் ஒரு நாளுக்கு 6 முதல் 8 சண்டைகளை மனத்தில் வைத்தது. நீங்கள் இரண்டு கொடுத்தால் மந்திரவாதி எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பார், வாள்வீரர் வேடிக்கை பார்ப்பார்.

சண்டை நடுவே விருப்பத்தை மாற்ற விடாதீர்கள். சேவ் கோப்பில் அதன் நிலையைப் பதியுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 2023 ஜனவரியில் வந்தது. அதைப் பயன்படுத்தினால் கிரெடிட்ஸில் உரிய நன்றிக்குறிப்பு கட்டாயம்.

தம்பி தங்கைகளே, தயவுசெய்து இதையாவது செய்யுங்கள். புளோக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் நான்கு பேர் உட்கார்ந்து ஒரு சண்டையைக் காகிதத்தில் ஆடுங்கள். விழுந்த எண்களை வரிசையாக எழுதி, அதே எண்களை நிரலுக்குக் கொடுங்கள். இரண்டு பதிவுகளையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். முதலில் வேறுபடும் வரியிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.