விறகின் ஈரமும் டிராக்டரின் பின்பாரமும்

அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் வெர்மான்ட், மெய்ன் மாநிலங்களில் இன்றும் பல வீடுகள் விறகு அடுப்பை நம்பித்தான் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன. அங்கே விறகை 'கார்ட்' கணக்கில் வாங்குவார்கள். 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளத்துக்கு அடுக்கினால் ஒரு கார்ட், அதாவது 128 கன அடி. நம்மூர் விறகுக் கடையில் எடை போட்டு வாங்குவதால் ஈர விறகு என்றால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். அங்கே அந்தக் காசு மிச்சம்தான். ஆனால் விறகைப் பேலட் என்னும் மரத்தட்டில் அடுக்கி டிராக்டரால் தூக்கினாலும், தண்ணீரைச் சுமக்காமல் தப்ப முடியாது.

எவ்வளவு தண்ணீர்? ஒரு கார்ட் சிவப்பு ஓக் மர விறகு, வெட்டிய புதிதில் சுமார் 2,200 கிலோ இருக்கும். நன்றாகக் காய்ந்தபின் சுமார் 1,600 கிலோ. நடுவே 600 லிட்டர், அதாவது மூன்று பெரிய டிரம் தண்ணீர் காற்றில் கலந்து போயிருக்கிறது.

சிவப்பு ஓக் கட்டையின் அறுத்த முகத்தைக் கிட்டே வைத்துப் பாருங்கள். ஊசியால் குத்தினாற்போல் துளைகள் வரிசையாகத் தெரியும். வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறிய குழாய்கள் அவை. ஒரு சின்னத் துண்டின் முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி கிளம்பும்! நார் ஓடும் திசையில் நீர் வெளியேறுவது குறுக்குத் திசையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகம். அதனால்தான் விறகை 16 அங்குலம் போலக் குட்டையாக அறுக்கிறார்கள். பட்டை ஈரத்தை எளிதில் விடாது என்பதால் பிளக்கவும் செய்கிறார்கள்.

முதலில் குழாய்களிலும் செல்களின் உள்ளேயும் தேங்கிய நீர் போகும். அதுவரை கட்டை சுருங்காது. ஈரம், உலர்ந்த மரத்தின் எடையில் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது செல் சுவருக்குள் ஒட்டியிருக்கும் நீர் கிளம்புகிறது. மரம் சுருங்கத் தொடங்குவதும் முனைகளில் நட்சத்திரம் போல வெடிப்பு விழுவதும் அப்போதுதான். அடுப்புக்கு 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஆஷ் மரம் சீக்கிரம் காயும், ஓக் இரண்டு கோடைகூடக் கேட்கும். ஈர விறகில் நீரை ஆவியாக்கவே வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு போகிறது. அதைவிடப் பெரிய கேடு, தீ குளிர்ந்துபோய் புகை முழுதாக எரியாமல் புகைபோக்கியின் உள்சுவரில் கிரியோசோட் என்னும் தார் போன்ற பிசினாகப் படிவது. ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும்.

சரி, பேலட்டுக்கு வருவோம். வழக்கமாக ஒரு விறகுத் துண்டு கைமாறும் தடவைகளை எண்ணினால் மலைப்பாக இருக்கும். பிளந்து, வண்டியில் போட்டு, இறக்கி, அடுக்கி, மறுபடி ஏற்றி, வீட்டருகே மறுபடி அடுக்க வேண்டும். பிளந்த இடத்திலேயே பேலட்டில் ஒரு முறை அடுக்கிவிட்டால் பாதி வேலை தீர்ந்தது. அதோடு, டிராக்டரின் முன்னால் மாட்டும் ஃபோர்க் (தூக்கும் இரும்புக் கரங்கள்) நுழைவதற்காக விட்ட அடி இடைவெளி காற்றுக்கும் வழி. மண்ணின் ஈரம் மேலே ஏறாது. மேல்பக்கம் மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். முழுக்கத் தார்ப்பாய் சுற்றினால் வெளியேறும் ஈரம் உள்ளேயே சுற்றும். கட்டை சுருங்கச் சுருங்க, விறகைப் பேலட்டோடு சேர்த்துக் கட்டிய நாடா தளரும், ஆகவே தூக்குமுன் மறுபடி இறுக்க மறக்கக் கூடாது.

பரவலாகக் கிடைக்கும் அமெரிக்க பேலட் 48க்கு 40 அங்குலம். அதில் 4 அடி உயரத்துக்குக் காயாத சிவப்பு ஓக்கை அடுக்கினால் 900 கிலோவைத் தாண்டும். 25 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டரே ஏறக்குறைய அவ்வளவு எடைதான். பாதி உயரம் அடுக்கினால் 450 கிலோ, அதுவே காய்ந்தபின் சுமார் 330 கிலோ. என்னைக் கேட்டால், பச்சையாகத் தூக்கவே வேண்டாம். பிளந்த இடத்திலேயே காயவிட்டு, தண்ணீர் தானாகப் போனபின் நகர்த்துவதுதான் புத்தி.

தூக்கும்போது முன் அச்சுதான் தராசின் நடுத்தாங்கி. ஒரு கணக்குப் போடலாம். டிராக்டர் 800 கிலோ, அதன் எடை மையம் முன் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால், சக்கர இடைவெளி 1.6 மீட்டர். சும்மா நிற்கையில் பின் சக்கரங்கள் மேல் 500 கிலோ இருக்கும். முன் அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால், ஃபோர்க்கோடு சேர்த்து 400 கிலோ ஏற்றினால் பின்னால் மிஞ்சுவது 125 கிலோதான். முன் அச்சு 1,075 கிலோவைத் தாங்கித் தவிக்கும். இப்போது பின்னால் கலப்பை மாட்டும் இடத்தில், முன் அச்சிலிருந்து 2.4 மீட்டரில், 300 கிலோ கான்கிரீட் கட்டியைத் தொங்கவிடுங்கள். பின் சக்கரங்களுக்கு 575 கிலோ கிடைக்கிறது. முன் அச்சின் பாரமோ 925 கிலோவாகக் குறைகிறது. வண்டியில் எடையைக் கூட்டினோம், முன் அச்சுக்கு இளைப்பாறுதல் கிடைத்தது! கிணற்றுத் துலாவின் பின்முனையில் கட்டிய கல்லும் இதே வேலையைத்தான் செய்தது.

பக்கவாட்டில் கவிழ்வது வேறு கதை. இந்த டிராக்டர்களில் முன் அச்சு நடுவில் ஒற்றை ஊசியில் மாட்டியிருக்கும், மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஆட வேண்டும் அல்லவா? அதனால் நான்கு சக்கரம் இருந்தும் வண்டி உண்மையில் நிற்பது ஒரு முக்கோணத்தின் மேல். அந்த ஊசியும் இரு பின் சக்கரங்களும்தான் அதன் மூலைகள். முன்னால் பாரம் ஏற்றினால் எடை மையம் முக்கோணத்தின் குறுகிய முனைப் பக்கம் நகரும், உயர்த்தினால் மேலேயும் ஏறும். அந்த நிலையில் ஒரு சின்னப் பள்ளம்கூடக் கவிழ்த்துவிடும். எனவே பேலட் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் பயணம் செய்ய வேண்டும். இடம் சேர்ந்தபின் உயர்த்திக்கொள்ளலாம்.

சரிவில் இன்னொரு சங்கதி. பெரும்பாலும் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். பாரத்தால் பின்பக்கம் லேசாகிவிட்டால் பிரேக் பிடித்தாலும் சக்கரம் வழுக்கும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுவிட்டால் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் பல்சக்கர வழியாகப் பிணைந்துவிடும், முன்னாலிருக்கும் அத்தனை பாரமும் வண்டியை நிறுத்த உதவும்.

இப்படி இறக்கிய பேலட் சமையலறைக் கதவுக்கு நாலடியில் நிற்கும். அதிலிருந்து இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ஈரம் இருந்தால் 'தொப்'பென்று மந்தமாகக் கேட்கும். காய்ந்திருந்தால் கணீரென்று ஒலிக்கும்.