பி.ஆர்.சி.ஏ. டெஸ்ட் எடுத்தால் வேலைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஆபத்தா? அமெரிக்காவின் ஜினா சட்டம்

அம்மாவுக்கோ சித்திக்கோ ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், அமெரிக்க டாக்டர் பி.ஆர்.சி.ஏ. எனும் மரபணு டெஸ்ட் பற்றிப் பேச்செடுப்பார். பி.ஆர்.சி.ஏ.1, 2 மரபணுக்களில் தீங்கான மாற்றம் உள்ள பெண்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு 80 வயதுக்குள் இந்த நோய் வரலாம். மற்றப் பெண்களுக்கு ஆயுள் முழுவதற்குமே சுமார் 13 சதவீதம்தான். ஆனாலும் 'ரிசல்ட் வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமோ' என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு.

வேலை விஷயத்தில் அந்தப் பயம் பெரும்பாலும் வேண்டாம். 1995-இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் ஸ்லாட்டர் கொண்டுவந்த மசோதா இழுத்து இழுத்து 2008 மே 21-இல் சட்டமானது. அதுதான் ஜினா (GINA), அதாவது மரபணுத் தகவலை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம். மரபணு முடிவைக் காட்டி ஹெல்த் இன்ஷூரன்ஸை மறுக்கவோ பிரீமியத்தை ஏற்றவோ முடியாது. 15 பேருக்கு மேல், அல்லது சரியாக 15 பேர், வேலை செய்யும் நிறுவனம் அதை வைத்து ஆளை எடுக்கவோ நீக்கவோ கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று: குடும்பத்தின் நோய் வரலாறும் இதில் அடக்கம். ஆபீஸில் ஊழியர் உடல்நலத் திட்டத்துக்காகத் தரும் வெல்னெஸ் படிவத்தில் 'தாய்க்குப் புற்றுநோய் இருந்ததா?' என்ற கட்டத்தை நீங்கள் காலியாகவே விடலாம். அதை நிரப்பினால்தான் பரிசுத்தொகை என்று சொல்வதும் சட்டப்படி தவறு.

டெஸ்ட் செலவு? குடும்ப வரலாறு அப்படி இருந்து, டாக்டரும் பரிந்துரைத்தால், பெரும்பாலான ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிளான்களில் ஆலோசனைக்கும் டெஸ்டுக்கும் கோ-பே (நாம் கையிலிருந்து கட்டும் பங்கு) கிடையாது. பிறகு வரும் எம்.ஆர்.ஐ., அறுவை சிகிச்சைக்கு இந்தச் சலுகை இல்லை.

ஓட்டை இருப்பது வேறிடத்தில். லைஃப் இன்ஷூரன்ஸ், வேலை செய்ய இயலாமல் போனால் உதவும் டிசெபிலிட்டி இன்ஷூரன்ஸ், முதுமைக் காலப் பராமரிப்புக்கான பாலிசி எதையும் ஜினா தொடவில்லை. அந்த நிறுவனங்கள் ரிசல்ட்டைக் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஃபுளோரிடா 2020 முதல் இதைத் தடுத்திருக்கிறது. எல்லா மாநிலமும் அப்படியல்ல. அதனால் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் லைஃப் பாலிசியை முதலில் எடுத்துவிட்டு, பிறகு டெஸ்டுக்குப் போவதே புத்திசாலித்தனம் என்பேன். டெஸ்ட் எடுத்த பிறகு விண்ணப்பத்தில் மறைத்தால் பின்னால் கிளெய்மே அடிபடும்.

நோயே வந்துவிட்டால் ஜினா உதவாது. அப்போது ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தையும் 2010-இன் ஒபாமாகேர் எனும் ஹெல்த் இன்ஷூரன்ஸ் சட்டத்தையும்தான் பார்க்க வேண்டும்.

ஆபீஸில் பாகுபாடு நடந்தால் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் புகார் தர வேண்டும். சில மாநிலங்களில் 300 நாள் வரை.