சதுக்கத்தின் தளத்தைப் பார்க்காமல் கட்டடத்தை இடிக்காதீர்கள்

போன மாதம் ஒரு பழைய நகரமன்றக் கட்டடத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். நூறு வயதைத் தாண்டிய செங்கல் கட்டடம், முன்னால் பெரிய சதுக்கம். "சுவரெல்லாம் ஈரம் ஏறி ஓதம் பிடித்துவிட்டது. இடித்துவிட்டுப் பசுமைக் கட்டடமாகக் கட்டிவிடலாமா?" என்று கேட்டார்கள். ஒரே வருடத்தில் இதே கேள்வியோடு என்னிடம் வந்த நான்காவது கட்டடம் இது. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

உள்ளே மாட்டியிருந்த பழைய புகைப்படத்தில் வாசலுக்கு ஐந்து படிகள் இருந்தன. நேரில் இரண்டுதான் இருக்கின்றன. படியோரமாக இரண்டடிக்கு ஒரு குழி வெட்டச் சொன்னேன். மேலே பேவர் பிளாக், அதற்குக் கீழே மணல், அப்புறம் கான்கிரீட், அதற்கும் கீழே தார். எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கீழ்ப்படி, நடுவில் கால்பட்டுத் தேய்ந்து குழிந்த கல்லாக அப்படியே இருந்தது.

நடந்தது இதுதான். சதுக்கத்தை அழகுபடுத்திய ஒவ்வொரு முறையும் பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தளம் போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் பேஸ்மட்டம், அதாவது தரைக்கு மேலே எழுப்பியிருந்த அடிப்பகுதி, கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்துவிட்டது. தரைக்கடியில் காற்றுப் போவதற்கு விட்டிருந்த துவாரங்கள் பாதிக்கு மேல் மூடிக்கிடந்தன. தளத்தின் வாட்டமும், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவும், சுவரைப் பார்த்தே இருந்ததால் பெய்கிற மழையெல்லாம் சுவரடிக்குத்தான் வந்தது. சதுக்கத்துக்கு ஒரு டெண்டர், கட்டடத்துக்கு இன்னொரு டெண்டர் என்று பிரித்து விடுகிற வரைக்கும் இது நடந்துகொண்டேதான் இருக்கும்.

ஓதத்தைப் பார்த்ததும் எல்லாரும் செய்கிற அடுத்த தவறு சிமெண்ட் பூசுவது. "சிமெண்ட்தானே சார் உறுதி, தண்ணீரை விடாதே" என்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்த நம்பிக்கை போகமாட்டேன் என்கிறது. சரி, இன்னொரு முறை சொல்கிறேன். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மேலே சுண்ணாம்புக் காரை இருந்தால் அந்த ஈரம் அதன் வழியாகவே ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் உள்ளேயே இருந்துகொண்டு, வெளியேற இடம் தேடி இன்னும் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் இடுப்புக்கு வருவது இப்படித்தான். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லைப் பொடியாக்கிவிடும். அந்தக் கட்டடத்தில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன், சுவர் 'டொப் டொப்' என்று பொள்ளலாகச் சத்தம் கொடுத்தது. ஒரு துண்டைப் பெயர்த்ததும் செங்கல் மாவாகக் கொட்டியது. சிமெண்ட் உறுதிதான், ஆனால் அந்தச் சுவர் அதைக் கேட்கவில்லை. மேலே ஈரம் தாங்கும் பெயின்ட் அடித்தாலும் இதே கதைதான்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டி, மேலே சோலார் பலகை வைத்தால் பசுமை ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. நிற்கிற கட்டடத்துக்கான வாயு என்றோ வெளியேறி முடிந்துவிட்டது. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் புதுக் கட்டடம் கூட, அதைக் கட்டியதால் வந்த பாதிப்பை ஈடுகட்ட 10 முதல் 80 வருடம் ஆகும் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

1996இல் பிரான்ஸின் போர்தோ நகரில் ஒரு சிறிய சதுக்கத்தை அழகுபடுத்தச் சொல்லி லகாதோன், வசால் என்ற கட்டடக் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் போய்ப் பார்த்தார்கள், அங்கே வசிப்பவர்களோடு பேசினார்கள். பிறகு, சரளையை மாற்றுங்கள், அடிக்கடி பெருக்குங்கள், மரங்களுக்கு வைத்தியம் பாருங்கள், வேறு பெரிய வேலை எதுவும் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். கட்டடக் கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசை 2021இல் வாங்கியவர்கள் இவர்கள்தான். எங்கள் தொழிலில் இப்படிச் சொல்லத் தைரியம் வேண்டும். எதுவும் கட்டாவிட்டால் கட்டணமும் குறையுமே.

அதனால் பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். டிசைன் கேட்பதற்கு முன் சுவரோரம் ஒரு குழி வெட்டிப் பாருங்கள். பழைய தளத்தை எடுக்காமல் புதுத் தளம் போட எந்த கான்ட்ராக்டரையும் விடாதீர்கள். வாட்டம் கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டும். சுவரை ஒட்டி ஓரிரு அடிக்குத் தளமே வேண்டாம், சரளை போதும். சிமெண்ட் பூச்சைக் கையால் பெயர்த்தெடுங்கள், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். மரத்தடியில் ஜேசிபியை இறக்கவே கூடாது. வேரில் பெரும்பகுதி மேல் ஒரு மீட்டர் மண்ணுக்குள்ளேதான் பரவியிருக்கும். அங்கே மண்வெட்டிதான்.

இன்னொன்று, திறப்பு விழாத் தேதியை முதலில் குறிக்காதீர்கள். நனைந்த சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது எங்கள் அனுபவக் கணக்கு. அந்தக் கட்டடத்தின் சுவர் பதினெட்டு அங்குலம். ஒன்றரை வருடம் பூசாமல் விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தளத்தை எடுக்கும் வேலை அடுத்த வாரம் ஆரம்பிக்கிறது.