தில்லிக் காற்றும் ‘கிராப்’ கட்டங்களும்: ஆணை யாருடையது, புகார் யாரிடம்?

அக்டோபர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரை தில்லித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று கேள்விகள் ஓயாமல் சுற்றும். நாளை பள்ளி உண்டா? காரை எடுக்கலாமா? வீட்டில் பாதியில் நிற்கும் டைல்ஸ் வேலையைத் தொடரலாமா? மூன்றுக்கும் பதில் ஒரே ஆவணத்தில் இருக்கிறது. பத்திரிகைகள் ‘கிராப்’ என்று எழுதுகிற, காற்று மாசுக்கான படிநிலைச் செயல்திட்டம்தான் அது. உச்ச நீதிமன்ற உத்தரவின் தொடர்ச்சியாக 2017 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. இன்று அதை இயக்குவது காற்றுத் தர மேலாண்மை ஆணையம்.

இந்த ஆணையம் தில்லி அரசின் துறை அன்று. 2020 அக்டோபரில் அவசரச் சட்டமாகவும் 2021-ல் நாடாளுமன்றச் சட்டமாகவும் பிறந்த மத்திய அமைப்பு. தில்லியோடு பஞ்சாப், ஹரியாணா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பகுதிகளுக்கும் அதன் உத்தரவு செல்லும். பானிபட் ஆலைப் புகைக்கும் காசியாபாத் செங்கல் சூளைக்கும் மாநில எல்லை தெரியாது என்பதால் வந்த ஏற்பாடு. உத்தரவை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. காகிதத்தில் மிக வலுவான அமைப்புதான்.

திட்டத்தில் நான்கு கட்டங்கள். காற்றுத் தரக் குறியீடு (எண் ஏற ஏற மாசு அதிகம்) 201 முதல் 300 வரை இருந்தால் முதல் கட்டம், 301 முதல் 400 வரை இரண்டாம் கட்டம், 401 முதல் 450 வரை மூன்றாம் கட்டம், அதற்கு மேல் நான்காம் கட்டம். அளவு எல்லையைத் தொடும்வரை காத்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. வானிலை முன்கணிப்பைப் பார்த்து ஆணையத்தின் துணைக்குழு முன்கூட்டியே அறிவிக்கலாம். 350-ஐத் தாண்டினாலே மூன்றாம் கட்டத்துக்கும், 400-ஐத் தாண்டினால் நான்காம் கட்டத்துக்கும் போகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் கண்டிப்புக் காட்டியது. 2025 நவம்பரில் ஆணையமே சில நடவடிக்கைகளை ஒரு கட்டம் முன்னால் நகர்த்தியது. ஆகவே போன வருடத்துப் பட்டியலை நம்பி இந்த வருடம் முடிவெடுக்காதீர்கள்.

குழப்பம் அதிகம் வருவது எண்ணில்தான். காலை ஏழு மணிக்கு உங்கள் கைபேசி 480 காட்டுகிறது. ஆனால் மாலையில் இரண்டாம் கட்டமே தொடர்கிறது என்று செய்தி வருகிறது. ஏமாற்று வேலை என்று தோன்றும். கணக்கு வேறு, அவ்வளவுதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலை நான்கு மணி நிலவரமாக வெளியிடும் எண், முந்தைய 24 மணி நேரச் சராசரி. அதுவும் ஓர் இடத்தின் எண் அன்று. தில்லியில் உள்ள ஏறத்தாழ 40 கண்காணிப்பு நிலையங்களின் சராசரி. குளிர்காலத்தில் இரவு முழுவதும் காற்று அசையாமல் மாசு தரையோடு படிந்திருக்கும். வெயில் ஏறியபின் சற்றுக் கலையும். அதனால் விடியற்கால அளவு எப்போதும் பயமுறுத்தும். ஆர்.கே.புரம் நிலையம் 420 காட்டி, நகரச் சராசரி 370 ஆக இருந்தால், விதி 370-ஐத்தான் பார்க்கும். வெளிநாட்டுச் செயலிகள் பெரும்பாலும் அமெரிக்க அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. அதில் நுண்துகளுக்கான மதிப்பெண் கடுமையானது. நம் குறியீடு 500-உடன் நின்றுவிடும். அந்தச் செயலிகளில் 700, 800 கூடப் பார்க்கலாம். விதிக்கு உரிய எண்ணைப் பார்க்க வாரியத்தின் ‘சமீர்’ செயலி போதும். ஆனால் ஆஸ்துமா உள்ள பெரியவரைக் காலை நடைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய, சராசரியைவிடப் பக்கத்து நிலையத்தின் அந்த நேர அளவே உதவும்.

இனி அந்த மூன்று கேள்விகள். மூன்றாம் கட்டம் வந்தால் ஐந்தாம் வகுப்பு வரை நேரடி வகுப்போடு இணையவழி வகுப்பும் நடத்தவேண்டும். நான்காம் கட்டத்தில் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றும் சேரும். இணையவழி வசதி உள்ள இடத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மாணவர், பெற்றோரின் உரிமை என்று விதியே சொல்கிறது. பள்ளி வற்புறுத்தினால் அந்த வரியைக் காட்டலாம். மாநில அரசு முழு இணையவழி என்று தனியே உத்தரவிட்டால் அதுதான் செல்லும்.

காரைப் பொறுத்தவரை, மூன்றாம் கட்டத்தில் பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் நான்கு சக்கர வாகனங்களுக்குத் தடை. பிஎஸ் என்பது ‘பாரத் ஸ்டேஜ்’, அதாவது வாகனப் புகைக்கான தர வரம்பு. 2020 ஏப்ரலுக்கு முன் வாங்கிய டீசல் கார் என்றால் பெரும்பாலும் பிஎஸ்-4தான். பதிவுச் சான்றிதழில் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டினால் அபராதம் 20,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகள் தங்கள் சொந்தத் தேவைக்கு ஓட்டும் வாகனத்துக்கு விலக்கு உண்டு.

வீட்டு வேலையில், உள்ளே நடக்கும் சிறு பழுதுபார்ப்பு, குழாய், மின்சாரம், தச்சு வேலைக்குத் தடை இல்லை. சுவரை இடிப்பதும், மணல், செங்கல் லாரியை வரவழைத்து இறக்குவதும் மூன்றாம் கட்டத்தில் கூடாது.

ஆணையம் உத்தரவு போடும். ஆனால் அதற்குக் கைகால் கிடையாது. குப்பை எரிப்பைத் தடுப்பது மாநகராட்சி, வண்டியை நிறுத்துவது போக்குவரத்துப் போலீஸ், ஆலையையும் கட்டுமான இடத்தையும் பார்ப்பது தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு, சாலைத் தூசு அந்தச் சாலை எவருடையதோ அவர் பாடு. தில்லியில் மாநகராட்சி, புது தில்லி நகராட்சி, கன்டோன்மென்ட் வாரியம் என்று உள்ளாட்சியே மூன்று. புகார் இவற்றுக்கிடையில் பந்தாடப்படும். நடைமுறையில் ‘கிரீன் தில்லி’ செயலியில் போடுவதே எளிது; துறை பிரிக்கும் வேலை அவர்கள் தலையில். இடக்குறிப்போடு படம் எடுத்துப் போடுங்கள். கட்டுமானம் என்றால் எதைப் பார்ப்பது? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் வேலை நடந்தால் மாசுக் குழுவின் இணையதளத்தில் பதிவு இருக்கவேண்டும். கட்டடப் பரப்பு 5,000 சதுர மீட்டரைத் தொட்டால் புகைமூட்டத்தை அடக்கும் நீர்ப்பீரங்கி ஒன்று, 20,000-ஐத் தாண்டினால் நான்கு. வாசலில் நின்று எண்ணிவிடலாம். பீரங்கி நிற்கிறது, தண்ணீர் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் வைத்தது. இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். குடியிருப்பு வாசலில் இரவு இரண்டு மணிக்குச் சருகையும் அட்டைப்பெட்டியையும் கொளுத்திக் குளிர் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியைப் படம் பிடித்துப் போடுவது பெரிய சாதனை இல்லை. ஐந்து டிகிரிக் குளிரில் அவர் வேறு என்ன செய்வார்? காவலாளி, துப்புரவாளர், தோட்டக்காரர் ஆகியோருக்குக் குடியிருப்போர் சங்கமே மின் ஹீட்டர் கொடுக்கவேண்டும் என்பது இதே செயல்திட்டத்தில் எழுதிய விதி. சங்கச் செயலாளருக்கு அதைப் படித்துக் காட்டுங்கள்.

கட்டுமானம் நின்றால் கூலி நிற்கும். அதற்கும் வழி உண்டு, தெரிந்தவர்கள்தான் குறைவு. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நல வரியாக வசூலாகிறது. தடைக்காலத்தில் அந்த நிதியிலிருந்து பிழைப்பூதியம் தரவேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தில்லி அரசு அந்தக் குளிர்காலத்துக்கு நிர்ணயித்த தொகை ஆளுக்கு 8,000 ரூபாய். முதலில் 2,000 மட்டும் கொடுத்துவிட்டு, நீதிமன்றம் கண்டித்தபின் மீதியைக் கொடுத்தது. கிடைத்தது நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். விழுப்புரம், சேலம் பக்கமிருந்து மேஸ்திரியோடு வந்து கம்பி கட்டுகிறவர், சாரம் போடுகிறவர் எவரும் பதியலாம். 18 வயதுக்கு மேல், 60-க்குள், கடந்த பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் கட்டுமான வேலை செய்திருந்தால் போதும். சொந்த ஊர் தமிழ்நாடு என்பது தடை ஆகாது. பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்கவேண்டும். பணம் வங்கிக் கணக்கில்தான் வரும் என்பதால் கணக்கு நடப்பில் இருக்கவேண்டும். தடை அறிவித்தபின் ஓடினால் கூட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள். செப்டம்பரிலேயே, வேலை செய்ததற்கான சான்றை மேஸ்திரியிடம் எழுதி வாங்கிவிடுங்கள். தீபாவளிக்கு அவர் ஊருக்குப் போய்விட்டால் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காது.