மலிவு விலை பேஸ் கிதாரின் ரகசியம்

திருவிழா மேடையில் மெல்லிசைக் குழு வாசிக்கும்போது பாடகரைப் பார்ப்போம், டிரம்ஸ்காரரைப் பார்ப்போம். ஓரமாக நின்று நான்கு தந்திகளை மீட்டும் பேஸ் கிதார்காரரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மயிலாடுதுறைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் காவிரி டெல்டா முழுக்க மேடை ஏறியவர். அவரிடம் இருப்பது பெயர்கூட அழிந்துபோன பழைய ஜப்பான் பேஸ். புதிதாக விற்றபோதே மலிவுச் சரக்கு. வேறு வாங்கித் தருகிறோம் என்று குழுவினர் சொல்லியும் அதைக் கைவிட மாட்டேன் என்கிறார். “நன்றாகக் காய்ந்த மரம், அதனால்தான் இந்த நாதம்” என்பது அவர் சொல்லும் காரணம்.

டெல்டாக்காரர் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்பவர்கள் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். ஆனால் மின்சார பேஸ் வேறு ஜாதி. தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கின்றன. இதுதான் பிக்கப். இரும்பு கலந்த தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. கம்பிச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான், வேறொன்றும் இல்லை. காந்தத்துக்குத் தந்தியின் அசைவு மட்டுமே தெரியும், மரத்தின் வயது தெரியாது. அமெரிக்காவின் டேன்எலெக்ட்ரோ நிறுவனம் 1950களில் மரச்சட்டத்தின் மேல் அழுத்திய நார்ப்பலகையை ஒட்டி, லிப்ஸ்டிக் குப்பிக்குள் பிக்கப்பை அடைத்து விற்றது. இன்றும் அந்தக் குரலுக்கு ஆள் இருக்கிறது.

அப்படியானால் அந்த நாதம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு நீளத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கிதார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். மலிவு மாடல்கள் பலவற்றில் 30 அங்குலம்தான். ஒரே தந்தியை ஒரே சுருதிக்குக் கூட்டினால், தேவைப்படும் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் குட்டை பேஸில் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறைகிறது. விரலுக்குத் தந்தி இளகிக் கொடுக்கிறது. இரவு முழுக்க வாசிப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. கூடவே, தடித்த தந்தி குட்டை நீளத்தில் விறைப்பாக நடந்துகொள்கிறது. அதனால் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்கள் அதன் சரியான மடங்கில் நிற்காமல் சற்றே ஏறிவிடுகின்றன, சீக்கிரம் அடங்கியும் விடுகின்றன. காதில் விழுவது உருண்டையான ‘தும்’.

மயிலாடுதுறைக்காரர் தந்தியை மாற்றுவதும் கிடையாது. தந்தியின் மேல் சுற்றிய கம்பியின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் சேரச் சேர, கீச்சென்ற உயர் அதிர்வுகள் மங்கிப்போகும். அமெரிக்காவின் மோடவுன் நிறுவன இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனும் தந்தி மாற்றாததற்குப் பெயர் போனவர்.

ஒருநாள் நம்மவர் பிக்கப்பின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிக் காட்டினார். தந்தி நான்கு, அடியில் இருந்த காந்தத் தண்டுகளோ ஆறு. ஒரு தந்திக்கும் நேர் கீழே தண்டு இல்லை. சாதாரண கிதாரின் பிக்கப்பையே பேஸில் பொருத்திவிட்டார்கள். இதில் ஜப்பான்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஃபெண்டர் நிறுவனமே 1970களில் மியூசிக்மாஸ்டர் பேஸில் இதைத்தான் செய்தது. தடித்த தந்தி அகலமாக ஊசலாடுவதால் வேலை நடந்துவிடுகிறது.

இப்போது குழாய் ஸ்பீக்கருக்கு வருவோம். பேஸின் கனமான தந்தி எழுப்பும் அடிப்படை அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அதைத் தொடவே தொடாது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது கிட்டத்தட்ட ஊமை. ஆனாலும் மூன்று தெரு தள்ளித் திண்ணையில் இருப்பவருக்கு பேஸின் சுரம் புரிகிறது. 247, 288, 330 என்று மேற்சுரங்கள் 41 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக வந்தால், இல்லாத அடிப்படைச் சுரத்தை மூளையே போட்டுக்கொள்கிறது. புதுத் தந்தி மாட்டிய பளபளப்பான பேஸில் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலும் ஏராளமாகக் கிளம்பும். குழாய் ஸ்பீக்கர் உரக்கக் கத்தும் பகுதியும் அதுவே, பாடகரின் சொற்கள் தெளிவு பெறும் பகுதியும் அதுவே. ‘கடகட’ என்ற சத்தம் பாட்டின் மேல் ஏறிக்கொள்ளும். பழைய பேஸ் அந்த இடத்தை விட்டுக்கொடுத்து ஒதுங்கிக்கொள்கிறது. அவர் கைவிடாததற்கு என் கணக்கில் இதுதான் முதல் காரணம்.

குறையும் உண்டு. ஒற்றைச் சுருள் பிக்கப் அக்கம்பக்கத்து மின்சாரத்தையும் சேர்த்துக் கேட்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கனமான தந்தியை மூன்றாவது மெட்டில் (ஃபிரெட்) அழுத்தினால் வரும் சுரம் 49 ஹெர்ட்ஸ். சீரியல் செட் எரியும் பந்தலுக்குப் பக்கத்தில் அந்தச் சுரத்தை நீளமாகப் பிடித்தால், இரைச்சலும் சுரமும் மோதி நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். ஜெனரேட்டருக்கு மாறினால் அந்த வேகமும் மாறிவிடும்.

பழையதை வாங்க நினைப்பவர்கள் மரத்தைத் தட்டிப் பார்ப்பதைவிட ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோவது மேல். பிக்கப் சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. மீட்டர் அசையாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி உப்புக்காற்றில் கிடந்த கருவிகளில் இதை முதலில் பார்த்துவிடுங்கள். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளுக்கு டெல்டாவில் பஞ்சமில்லை. ஆனால் இந்தக் கம்பியின் தடிமன் 0.06 மில்லிமீட்டர்தான். மோட்டார் கம்பிக்குப் பழகிய கை சற்று வேகமாக இழுத்தாலே அறுந்துவிடும், அதனால் பிக்கப் சுற்றிப் பழகியவரிடம் கொடுங்கள்.