செம்பருத்தியை மூடும் வெள்ளை மாவு

மொட்டை மாடியில் செம்பருத்தி வளர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். நுனித்தளிர் சுருண்டுபோகும், மொட்டு விரியாமலே உதிரும், கணுக்களில் பஞ்சு அப்பியதுபோல வெள்ளையாகப் படர்ந்திருக்கும். மாவுப்பூச்சி வந்துவிட்டது. கடையில் கிடைக்கும் மருந்துகளிலேயே கடுமையானதாகப் பார்த்து வாங்கி அடிப்பார்கள். இரண்டு வாரத்தில் செடி மறுபடியும் வெளுத்துவிடும்.

மருந்து ஏன் பலிக்கவில்லை என்பதற்கான விடை அந்த வெள்ளையிலேயே இருக்கிறது. அது மெழுகு. பூச்சியின் உடலெங்கும் உள்ள நுண்துளைகள் வழியாகச் சுரந்து, மேலே தூளாகப் படிகிறது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். தண்ணீரில் கலந்து தெளிக்கும் மருந்துக்கும் அதே கதிதான். போதாக்குறைக்கு, பெண் பூச்சி முட்டைகளையும் பஞ்சு போன்ற மெழுகுப் பைக்குள் இடுகிறது. செம்பருத்தியையும் தாக்கும் பப்பாளி மாவுப்பூச்சி என்ற வகையின் ஒரே பையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கலாம். அவை பொரிக்க ஏறக்குறைய பத்து நாள் ஆகும்.

பொரித்து வெளிவரும் குஞ்சுகளைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. மஞ்சள் நிறத்தில் தூசி அளவே இருக்கும். சுறுசுறுப்பாக ஊர்ந்து புது இடம் தேடும். காற்றும், எறும்பும், நம் கைகளும் அவற்றை அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இந்தப் பருவத்தில் அவற்றின்மேல் மெழுகு இன்னும் கெட்டியாகப் படிந்திருக்காது. நாம் அடிக்க வேண்டிய நேரம் இதுதான். ஒரே நாளில் எல்லா முட்டைகளும் பொரிப்பதில்லை என்பதால், வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரங்கள் தொடர்ந்து தெளிக்க வேண்டும். ஒரே தடவை பலமாக அடித்துவிட்டு ஓய்வதில் பயனில்லை.

எதைத் தெளிப்பது? முதலில் வெறும் தண்ணீர். குழாயை அழுத்திப் பிடித்து இலையின் அடிப்புறத்தில் வேகமாகப் பீய்ச்சினாலே பாதிக்குமேல் உதிர்ந்துவிடும். பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கலப்பதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் சேர்த்துத் தெளிக்கலாம். சோப்பு எண்ணெயைக் கலக்க மட்டும் உதவுவதில்லை. தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, உருண்டோடும் துளியை மெழுகின்மேல் பரவவிடுகிறது, பூச்சியின் செல் சவ்வையும் சிதைக்கிறது. ஆனால் ஈரம் இருக்கும்வரைதான் அதற்கு வேலை. வேம்பிலுள்ள அசாடிராக்டின் வேறு வழியில் தாக்குகிறது: இளம்பூச்சி தோலுரிப்பதற்கான ஹார்மோன் செயல்பாட்டைக் குலைக்கிறது. தோலுரிக்க முடியாத பூச்சியால் வளர முடியாது. வெயிலில் அசாடிராக்டின் விரைவாகச் சிதையும், எண்ணெய் பட்ட இலையும் கருகும். எனவே மாலையில் தெளியுங்கள். முதலில் நாலைந்து இலைகளில் சோதித்துப் பாருங்கள்.

எறும்பை விட்டுவிட்டால் இத்தனையும் வீண். மாவுப்பூச்சி தன் ஊசி வாயை, செடியின் உணவுச் சாறு ஓடும் ஃபுளோயம் திசுவில் செருகிச் சாற்றை உறிஞ்சுகிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், அமினோ அமிலமோ மிகக் குறைவு. தேவையான அமினோ அமிலத்துக்காக நிறையக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பான நீராக வெளியேற்றுகிறது. இலையில் கரும்பூசணம் படர்வது அந்த நீரின்மேல்தான். எறும்பு வருவதும் அதற்காகவே. அந்த இனிப்புக்குக் கைம்மாறாக, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பூச்சிகளையெல்லாம் எறும்பு விரட்டியடிக்கிறது. தொட்டி வைத்திருக்கும் முக்காலியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். செடியின் கிளை சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யூரியாவையும் குறையுங்கள். தழைச்சத்து மிகுந்தால் தளிர் கொழுக்கும், சாற்றில் அமினோ அமிலம் கூடும். பூச்சிக்கு அது விருந்து.

எறும்பு விரட்டும் அந்த எதிரிகள் எவ்வளவு வலிமையானவை என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2008-ல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் மூடியது. விவசாயிகள் மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டுப் பெருக்கப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றை வளர்த்துத் தோட்டங்களில் விட்டது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு குளவி அபாரமாக நிலைத்தது. அது பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று, குளவியாகித் துளையிட்டு வெளியேறும். கடும் மருந்துகளால் ஆகாததை அது சாதித்தது. அதே மருந்துகள் அந்தக் குளவியையும் கொன்றுவிடும் என்பதால்தான், வீட்டுச் செடிக்கு அவற்றை வாங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

தெளிக்கும் முன் செடியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். உப்பிப் பழுப்பேறிய, முதுகில் வட்டத் துளையுள்ள மாவுப்பூச்சிக் கூடுகள் தெரிந்தால் குளவி வந்து போயிருக்கிறது. அந்தக் கிளையில் எதுவும் தெளிக்காதீர்கள். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, நீண்ட வெள்ளை இழைகளோடு வேகமாக ஊர்ந்து போகும் ஒன்று இருந்தால், அது கிரிப்டோலேமஸ் என்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு. அதற்கும் மெழுகுப் போர்வை உண்டு. அதனால் மாவுப்பூச்சி என்றே எண்ணிப் பலர் நசுக்கிவிடுகிறார்கள். அது மாவுப்பூச்சியின் முட்டையையும் குஞ்சையும் தின்று வளர்வது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.