களாப்பழ சர்பத்: ஒரு பாட்டில் பொங்குகிறது, இன்னொன்று உறைகிறது

ராமநாதபுரம் கடற்கரையில் கிரான்பெர்ரி விளையாது. அது வட அமெரிக்காவின் குளிர்ந்த சதுப்பு நிலத்துப் பழம். செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வரை அங்கே அறுவடை நடக்கும். நம் ஊர்க் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் சீனி ஏற்றி உலர்த்திய பழம். அதைக் கரைத்து சிரப் காய்ச்சுவது காசுக்கும் கேடு, ருசிக்கும் கேடு. அதே சிவப்பும் அதே புளிப்பும் வேண்டுமென்றால் ஆனி, ஆடி மாதங்களில் கிடைக்கும் களாப்பழம் போதும். பேக்கரி கேக்கின் மேல் 'செர்ரி' என்று உட்கார்ந்திருப்பதில் பெரும்பகுதி சாயம் ஏற்றிய களாக்காய்தான். பெயரை மாற்றி விற்பது இந்தக் காய்க்குப் பழகிப்போன விதி.

சிக்கல் பழத்தில் இல்லை. கிரான்பெர்ரிக்கு எழுதிய செய்முறையை எடுத்து, பழத்தை மட்டும் மாற்றிச் செய்பவர்கள் வழக்கமாக இரண்டு புகார்களில் ஒன்றைச் சொல்வார்கள். இரண்டு வாரத்துக்குள் பாட்டில் பொங்கி மூடி தெறித்தது என்பது ஒன்று. மறுநாள் காலையிலேயே பாட்டிலுக்குள் ஜெல்லியாக உறைந்து, கவிழ்த்தாலும் இறங்கவில்லை என்பது இன்னொன்று. சீனி குறைந்தால் பொங்கும், கூடினால் உறையும். நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது.

முதலில் பொங்குவதைப் பார்ப்போம். காற்றிலும் பழத்தோலிலும் இருக்கும் ஈஸ்ட் சீனியைத் தின்று வாயுவை விடுகிறது. மொத்த எடையில் 65 சதவீதம் சீனி இருந்தால், ஈஸ்டுக்கு வேண்டிய நீரைச் சீனியே பிடித்து வைத்துக்கொள்ளும். பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் அதில் பெருக முடியாது. பழ சிரப்பில் கரைந்த திடப்பொருள் குறைந்தது 65 சதவீதமும், பழச்சாறு குறைந்தது 25 சதவீதமும் இருக்க வேண்டும் என்று நம் நாட்டு உணவுத் தர விதி கேட்பதும் இதையொட்டித்தான். குளிர்நாட்டு வீட்டுச் செய்முறைகள் பலவற்றில் சீனி இதைவிட வெகு குறைவு. ஆனால் அவற்றின் கடைசி வரியில் 'ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்தில் தீர்த்துவிடவும்' என்றிருக்கும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. சித்திரை வெயிலில் சமையலறை அலமாரி இருக்கும் சூட்டில், பாதி சீனி போட்ட சிரப் ஈஸ்டுக்கு விருந்து.

டம்ளர் கணக்கும் இங்கேதான் ஏமாற்றும். ஒரு டம்ளர் சாற்றுக்கு ஒரு டம்ளர் சீனி போட்டால் சரிபாதி என்று தோன்றும். 200 மில்லி டம்ளரில் தலைதட்டிய சீனி சுமார் 170 கிராம்தான். அதே டம்ளர் சாறு 205 கிராம் போல வரும். எடைக்கு எடை பார்த்தால் போட்ட சீனி 45 சதவீதம். ஆகவே தராசு இல்லாமல் சிரப்பில் இறங்காதீர்கள். மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவு ஒன்றே ஒன்று: 100 மில்லி சாற்றுக்கு 175 கிராம் சீனி. சாற்றின் சொந்த இனிப்பையும் சேர்த்தால் 65ஐத் தாண்டிவிடும்.

இனி உறைவது. காயின் சதையை இறுக்கிப் பிடித்திருக்கும் பசைப்பொருளுக்குப் பெக்டின் என்று பெயர். போதிய பெக்டின், நல்ல புளிப்பு, 65 சதவீதத்தை ஒட்டிய சீனி மூன்றும் சேர்ந்தால் ஜாம் உறையும். களாவில் பெக்டினும் புளிப்பும் தாராளம், கிரான்பெர்ரியும் அப்படித்தான். சிரப் கெடாமலிருக்க நாம் போடும் சீனியின் அளவே அது உறைவதற்கும் சரியான அளவு. சீனியைக் குறைக்க முடியாது. புளிப்பைக் குறைத்தால் சுவை போகும், பாதுகாப்பும் போகும். எஞ்சியிருப்பது பெக்டின். அதைச் சாற்றுக்குள் அதிகம் இறங்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் களாப்பழ சர்பத்தின் சூட்சுமம்.

அதற்கு முதல் வேலை, கறுஞ்சிவப்பிலிருந்து கறுப்புக்குத் திரும்பிய, விரலில் அழுத்தினால் அமுங்கும் பழமாகப் பொறுக்குவது. இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்தவற்றில் பெக்டின் அதிகம். அவற்றை ஊறுகாய்க்கு ஒதுக்குங்கள். வேலியோரத்தில் பறிப்பவர்கள் செடியை நன்றாகத் தெரிந்து பறிக்க வேண்டும். களா அரளிக் குடும்பத்துச் செடி. அதே குடும்பத்து மஞ்சள் அரளியின் காய் கொடிய விஷம். சிறுபிள்ளைகளைத் தனியே பறிக்க அனுப்பக் கூடாது.

பழுத்தாலும் காம்பு முனையில் பால் கொஞ்சம் இருக்கும். காம்பைக் கிள்ளி, உப்பு கரைத்த நீரில் அரை மணி நேரம் போட்டு, மூன்று முறை அலசி, நிழலில் ஈரம் உலர விடுங்கள். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் பிசின் ஒட்டாது. பிறகு பழத்தை ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். உறையும்போது பழத்தின் உள்ளறைகள் உடைந்துவிடும். இளகியதும் கையால் பிசைந்தாலே சாறு விடும். மிக்சியில் போட்டால் விதை உடைந்து கசப்பு ஏறும். சாறும் கலங்கிப் பிறகு தெளியாது.

1 கிலோ பிசைந்த பழத்துக்கு 250 மில்லி நீர். எவர்சில்வர் பாத்திரத்தில் மிதமான தீயில் ஏற்றி, ஆவி பறந்து ஓரத்தில் சின்னக் குமிழி வரத் தொடங்கியதும் 5 நிமிடம் வைத்து இறக்குங்கள். நிறம் இறங்க இந்தச் சூடு போதும். 'நல்லாக் கொதிச்சாத்தான் சாறு வரும்' என்று அரை மணி நேரம் கொதிக்க விடுவதுதான் உறைவதற்கு முக்கியக் காரணம். புளிப்பில் நீண்ட நேரம் வெந்தால் சதையிலிருக்கும் பெக்டின் எல்லாம் கரைந்து சாற்றோடு வந்துவிடும். வெந்நீரில் அலசிப் பிழிந்த பழைய வேட்டித் துணியில் ஊற்றி, முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுங்கள். சாறு தானாகச் சொட்டட்டும். பிழிய வேண்டாம், பிழிந்தால் கூடுதலாக வருவது பெக்டினும் வண்டலும்தான். சுமார் 600 மில்லி கிடைக்கும்; பழத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். துணியில் நிற்கும் சதையில் ஜாம் செய்யலாம், வீணாகாது.

சீனி போடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஒரு ஸ்பூன் ஆறிய சாற்றில் மூன்று ஸ்பூன் சர்ஜிக்கல் ஸ்பிரிட் விட்டு லேசாக ஆட்டி, சில நிமிடம் வையுங்கள். ஒரே கட்டியாகத் திரண்டால் பெக்டின் அதிகம், அந்தச் சாறு பாட்டிலில் உறைந்தே தீரும். சிறுசிறு துணுக்காக மிதந்தால் பயமில்லை. சோதித்ததை வாயில் வைக்காமல் கொட்டிவிட வேண்டும். கட்டியாகத் திரண்ட சாற்றுக்குப் பெக்டினேஸ் என்ற நொதியைப் பொட்டலத்தில் சொன்ன அளவில், வெதுவெதுப்பான சாற்றில் கலந்து வைக்கலாம். அது கிடைக்காவிட்டால் மனதைத் தேற்றிக்கொண்டு அந்த ஈட்டை ஜெல்லியாகவே செய்துவிடுவது நல்லது.

600 மில்லி சாற்றுக்கு 1 கிலோ 50 கிராம் சீனி. சாற்றைச் சூடாக்கி, தீயைக் குறைத்துச் சீனியைப் போட்டுக் கரைத்து, 85 டிகிரி செல்சியஸ் வந்ததும் இரண்டு நிமிடம் வைத்து, மேலே கட்டும் நுரையை அகற்றி இறக்க வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைப்பது வீண் செலவல்ல. கம்பிப் பதம் பார்த்தால் சிரப் கெட்டிப்பட்டுவிடும். எலுமிச்சை உப்பும் தேவையில்லை. நன்னாரி சர்பத்துக்குப் போடும் பழக்கத்தில் இதற்கும் போடுகிறார்கள், களாவின் சொந்தப் புளிப்பே போதும். இந்த அளவுக்கு ஒன்றேகால் லிட்டர் வரும்.

தண்ணீரைப் பற்றி இந்தக் கரையில் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். உவர் ஏறிய கிணற்று நீரையோ போர் நீரையோ ஊற்றினால் பின்நாக்கில் உப்புக் கரிக்கும். எவ்வளவு சீனி போட்டாலும் அது மறையாது. காவிரிக் குடிநீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள், பாட்டிலைக் கடைசியாக அலசவும் அதுவே. அலுமினியப் பாத்திரம், இரும்புக் கரண்டி, ஈயம் பூசாத பித்தளை மூன்றும் ஆகாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும். பழத்தின் சிவப்பும் நீலம் கலந்த அழுக்கு நிறமாகும்.

சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சீனி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கருப்பட்டி முழுக்கச் சீனியல்ல. ஈரமும் தாது உப்பும் கலந்தது, அதன் அளவு வட்டுக்கு வட்டு மாறும். பதநீரில் சேர்க்கும் சுண்ணாம்பு களாவின் புளிப்பையும் கொஞ்சம் அடக்கிவிடும். அதனால் 65 சதவீதக் கணக்கு கையில் நிற்காது. கருப்பட்டி ருசி வேண்டுமானால் குடிக்கும்போது கருப்பட்டித் தண்ணீரில் சர்பத்தைக் கலந்துகொள்ளுங்கள்.

கண்ணாடி பாட்டிலும் மூடியும் கொதிநீரில் 30 நிமிடம் கிடக்க வேண்டும். சூடான பாட்டிலில் சூடான சிரப்பை, கழுத்தில் 2 சென்டிமீட்டர் விட்டு ஊற்றி, உடனே மூடி, இரண்டு நிமிடம் கவிழ்த்து வைத்து நிமிர்த்துங்கள். கவிழ்ப்பது சடங்கல்ல. ஆறும்போது கழுத்தில் வேர்க்கும் நீர்த்துளி கீழே விழுந்து சிரப்பின் மேல்தட்டை மட்டும் நீர்க்கச் செய்யும். பூஞ்சை பிடிப்பது அந்த மேல்தட்டில்தான். கழுத்தும் மூடியும் சிரப்பின் சூட்டில் நனைந்தால் அங்கிருக்கும் கிருமி சாகும். பிறகு ஒரு நாள் கழித்து லேசாக ஆட்டி வையுங்கள். கேன் தண்ணீர் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டில் இந்தச் சூட்டுக்கு நெளிந்துவிடும்.

திறந்த பாட்டில் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. வெளியில் நெடுநாள் வைப்பதானால் சோடியம் பென்சோயேட் சேர்க்கலாம். விதி அனுமதிப்பது கிலோவுக்கு 600 மில்லிகிராம் பென்சாயிக் அமிலம். சோடியம் பென்சோயேட்டாக எடுத்தால் கிலோ சிரப்புக்கு 0.7 கிராம். ஒரு சிட்டிகை, அரை ஸ்பூன் என்று கண்ணளவில் போடுவது தவறு. நகைத் தராசில் நிறுத்து, கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக் கடைசியில் கலக்க வேண்டும். எலுமிச்சை ஸ்குவாஷுக்குப் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் இதற்கு ஆகாது. களாவின் சிவப்பை வெளுத்துவிடும். மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று சத்தமோ, கள் வாடையோ, மேலே ஆடையோ இருந்தால் முழுதும் கொட்டிவிடுங்கள். மறுபடி காய்ச்சினால் ஈஸ்ட் சாகும், கெட்ட சுவை போகாது. பூஞ்சை விட்டுப்போன நச்சும் சூட்டுக்கு அழியாமல் இருக்கலாம்.

'சிறுநீர்க் கடுப்புக்குக் கிரான்பெர்ரி நல்லது, களாவும் அதே மாதிரிதானே' என்ற பேச்சு வேகமாகப் பரவுகிறது. கிரான்பெர்ரி பற்றிய ஆய்வுகள் சொல்வது, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கு அது மறுபடி வருவதைக் குறைக்க உதவலாம் என்பதுதான். வந்த தொற்றை அது ஆற்றாது. அந்த முடிவைக் களாவின் தலையில் ஏற்றவும் முடியாது. சீனிப் பாகாகக் குடிப்பதோ வேறு கதை: ஒரு டம்ளருக்கு ஊற்றும் 30 மில்லி சர்பத்தில் சுமார் 26 கிராம் சீனி இருக்கிறது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சர்க்கரை நோயாளிகளுக்கு இது மருந்தல்ல. உப்பளத்திலும் கடலிலும் வெயிலில் நிற்பவர்களுக்குக் கடுப்பு வரக் குடிநீர் போதாததும் ஒரு காரணம். முதலில் ஊற்ற வேண்டியது வெறும் தண்ணீர். கடுப்போடு காய்ச்சலோ விலா வலியோ சேர்ந்தால், அல்லது கர்ப்பிணியாக இருந்தால், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மகளிர் குழுவாகச் சேர்ந்து விற்பவர்கள், எவ்வளவு சிறிய அளவானாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். லேபிளில் 'கிரான்பெர்ரி சிரப்' என்று போட்டால் கூடுதல் விலை கிடைக்கும் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அது பெயர் மாற்றி விற்கும் குற்றம். களாப்பழ சர்பத் என்றே போட்டு, தயாரித்த தேதி, சேர்மானங்கள், பென்சோயேட் சேர்த்திருந்தால் அது, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு குளிர்ந்த நீர் என்ற அளவு, திறந்தபின் ஃப்ரிட்ஜில் வைக்கவும் என்ற வரி, இவ்வளவையும் எழுதுங்கள்.